சன்போர்டு பிளேன் மூக்குல குத்துதா? மோட்டார மாத்தறதுக்கு முன்னாடி எடை மெஷின் வாங்குங்க

தம்பி கேட்டிருக்கறது சுருக்கமா இதுதான். மன்னார்குடி பக்கம் கிராமம், டிப்ளமோ கடைசி வருஷம், ஃப்ளெக்ஸ் கடைல 5 எம்எம் சன்போர்டு வாங்கி 120 செ.மீ இறக்கை வச்சு ரிமோட்ல ஓடற மாடல் பிளேன் ஒண்ணு பண்ணியிருக்கார், ஹை விங் டிரெய்னர், அதாவது இறக்கை பாடிக்கு மேல உக்காந்திருக்கற, ஓட்ட கத்துக்கற பிளேன், எல்லாம் மாட்டின பிறகு எடை 1.4 கிலோ, கையால வீசினா கொஞ்ச தூரம் போய் மூக்குல குத்தி உடையுது. பெரிய மோட்டார் போடலாமா, பால்சா எங்க கிடைக்கும், என்னென்ன டூல்ஸ் வேணும், தஞ்சாவூர் நெட்டில பண்ண முடியுமா, இதான் கேள்வி. எல்லாத்துக்கும் சொல்றேன், வரிசை மட்டும் மாறும்.

மோட்டார மாத்தாதீங்க. உங்க இறக்கை 120க்கு 20, அதாவது 24 சதுர டெசிமீட்டர். 1.4 கிலோவ இதால வகுத்தா சதுர டெசிமீட்டருக்கு 58 கிராம் வருது, இதத்தான் விங் லோடிங்னு சொல்வாங்க, கத்துக்கற ஆளுக்கு 30லேந்து 35 இருந்தா நல்லது, 40 தாண்டினா அது கை பழகினவங்க சமாச்சாரம். 58 கிராம் லோடிங்ல அந்த இறக்கை தன்னை தூக்கிக்கவே மணிக்கு 36 கிமீ கிட்ட வேகம் வேணும், 1.4 கிலோவ கையால வீசி அந்த வேகம் கொண்டுவர்றது லேசுப்பட்ட வேலை இல்ல, அதனால கைய விட்ட உடனே ஸ்டால் ஆகி, அதாவது வேகம் பத்தாம லிஃப்ட் போய், மூக்கு தொங்குது. இத பாத்துட்டு மூக்கு கனமா இருக்குன்னு வாலுல வெயிட் கட்டிடுவாங்க பாருங்க, அத மட்டும் பண்ணிடாதீங்க, இன்னும் மோசமாயிடும். அதே இறக்கைக்கு மொத்த எடை 800 கிராம்னா 27 கிமீ வேகமே போதும். கீழ விழுந்தாலும் அடி குறையும், ஏன்னா மோதற சக்தி எடையோட வேகத்தோட ஸ்கொயர பெருக்கினது, கணக்கு போட்டா மூணுல ஒரு பங்குதான் வரும். பெரிய மோட்டார் போட்டா அதுக்கு பெரிய ஈஎஸ்சி (மோட்டார் வேகத்த கன்ட்ரோல் பண்ற போர்டு), பெரிய பேட்டரின்னு இன்னும் கால் கிலோ ஏறும், உடையறது இன்னும் ஜோரா உடையும், அவ்வளவுதான்.

எடை எங்கேந்து வந்துச்சுன்னா சன்போர்டுலேந்துதான். ஃப்ளெக்ஸ் கடைல சன்போர்டுன்னு குடுக்கறது பிவிசி ஃபோம், 5 எம்எம் ஷீட் ஒரு சதுர மீட்டர் இரண்டரை கிலோவுக்கு கொறையாது, உங்க இறக்கைக்கு ஒரே ஒரு லேயர் போட்டாலே 600 கிராம் ஆச்சு. பேப்பர் ஒட்டின ஃபோம் போர்டுன்னா சதுர மீட்டர் அரை கிலோ சுமாருக்கு இருக்கும். டெப்ரான்ங்கற லேசான ஃபோம் ஷீட் 6 எம்எம் 200 கிராம் சொச்சம், அதாவது அதே இறக்கை அளவுக்கு 50 கிராம். மூணும் பாக்க வெள்ளையா ஒரே மாதிரிதான் இருக்கும், தூக்கி பாத்தாதான் வித்தியாசம் தெரியும். எலக்‌ஷன் போர்டுக்கு போடற சன்பேக் ஷீட்டும் அரை கிலோ கணக்குதான், தண்ணி படலாம், உடையாது, பாடிக்கு ஓகே, ஆனா அது பாலிப்ரொப்பிலீன், எந்த பசையும் உருப்படியா புடிக்காது, டேப்பும் கேபிள் டையும் வச்சுத்தான் கட்டணும்.

பால்சா விஷயம். அது பெரும்பாலும் ஈக்வடார்லேந்து வர்ற மரம், சென்னை பெங்களூர் ஹாபி கடைங்க ஆன்லைன்ல அனுப்புவாங்க, கிடைக்காத பொருள் ஒண்ணும் இல்ல, ஆனா முதல் பிளேனுக்கு அவசியம் இல்லங்கறது என் அபிப்பிராயம். ஒருவேளை வாங்கினா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, ஒரே அளவு ஷீட்டுலயே ஒண்ணு இன்னொண்ண விட ரெட்டிப்பு எடை இருக்கும், மரம் அப்படி. வந்ததும் ஒவ்வொரு ஷீட்டா எடை போட்டு பென்சில்ல மேல எழுதிடுங்க, லேசானது வால் பக்கத்துக்கு, கனமானது மூக்கு பக்கத்துக்கு. வாலுல ஒரு கிராம் ஏறினா அத சமன் பண்ண மூக்குல ரெண்டு மூணு கிராம் ஏத்தணும், எடை மேல எடை.

நெட்டி நல்ல கேள்வி, தஞ்சாவூர் பக்கம் இருக்கறவனுக்குத்தான் இது தோணும். ஏரி குளத்துல வளர்ற செடியோட தண்டுக்குள்ள இருக்கற வெள்ளை சோறு அது, பெரிய கோயில் மாடல் பண்ணி கண்ணாடிப் பெட்டில வைப்பாங்களே அதான், 2020ல புவிசார் குறியீடு கூட வாங்கியாச்சு. லேசுன்னா அவ்வளவு லேசு. ஆனா பால்சாவுல நீளவாட்டத்துல நார் ஓடும், அதனாலதான் லேசா இருந்தும் இறக்கைய தாங்குது. நெட்டி வெறும் பஞ்சு மாதிரி சோறு, வளைச்சா பட்டுன்னு போயிடும், தண்டு சின்னதா இருக்கறதால பெரிய துண்டும் கிடைக்காது. பலம் வேணுங்கற இடத்துல போடாதீங்க. இறக்கை நுனி உருட்டறதுக்கு, காக்பிட்ல பைலட் பொம்மை பண்றதுக்கு நெட்டி மாதிரி வராது, பிளேடு வழுக்கிட்டு போகும்.

பலத்துக்கு நம்மகிட்ட மூங்கில் இருக்கு. பந்தல் போடறவங்ககிட்ட பழைய மூங்கில் பிளாச்சு கேட்டா சும்மாவே குடுப்பாங்க. பச்சை மூங்கில் வேண்டாம், காஞ்சதும் திருகிக்கும். நல்லா காஞ்சதா எடுத்து, வெளித்தோல் பக்கம் அப்படியே இருக்கட்டும், ஏன்னா நார் அடர்த்தி அங்கதான், உள்பக்கத்த மட்டும் கத்தியால சீவி 4க்கு 3 எம்எம் கொண்டு வாங்க. இறக்கை முழு நீளத்துக்கு ஒரு குச்சி 10 கிராம் சுமார்தான் வரும். இறக்கை தடிமன் எங்க அதிகமோ அங்க மேல ஒண்ணு கீழ ஒண்ணு, நேருக்கு நேரா பதிச்சா கார்பன் குழாய் வாங்கற காசு மிச்சம். வளைக்கணும்னா மெழுகுவத்தி மேல காட்டி மெதுவா வளைச்சு ஆறற வரைக்கும் புடிச்சிருங்க, வளைஞ்ச இடத்துலயே நின்னுடும். வால் ஷீட்டுக்கு தென்னை ஈர்க்கு ஒண்ண ஒட்டுங்க, பலம் வந்துடும்.

இப்ப டூல்ஸ். மொதல்ல வாங்க வேண்டியது கிச்சன் எடை மெஷின், ஒரு கிராம் காட்டறது. வெட்டற ஒவ்வொரு பாகத்தையும் அதுல வச்சு நோட்டுல எழுதுங்க. 800 கிராம்ல மோட்டார் 50, ஈஎஸ்சி 25, 3எஸ் 2200 பேட்டரி (மூணு செல், 2200 எம்ஏஎச் லிப்போ) 180, சர்வோ (வால் பாகத்த அசைக்கற குட்டி மோட்டார்) ரிசீவர் ஒயர் ப்ரொப்பெல்லர் எல்லாம் சேத்து ஒரு 90னு போனா மிச்சம் 450 கிராம்தான் உங்க கையில, அந்த 450க்குள்ள இறக்கை பாடி வால் பசை டேப் எல்லாம் அடங்கணும். இது நோட்டுல இல்லன்னா கடைசி நாள்லதான் 1.4 கிலோன்னு தெரியும்.

அடுத்தது கட்டர். பிராண்ட் எதுவா வேணா இருக்கட்டும், ஆனா பிளேடு பாக்கெட் பாக்கெட்டா வாங்குங்க, ஃபோம் வெட்டறப்ப முனை மழுங்கினா பிச்சுக்கிட்டு வரும், ரெண்டு மூணு வெட்டுக்கு ஒரு தடவை முனைய உடைச்சு தள்ளுங்க, கஞ்சத்தனம் பாக்காதீங்க. 60 செ.மீ ஸ்டீல் ஸ்கேல், ஒரு மூலமட்டம். உப்புத்தாள் 120, 220, 320 நம்பர். உப்புத்தாள கையால மடிச்சு தேய்க்காதீங்க, அலை அலையா வரும். அலுமினிய கதவு செய்யற கடைல ஒரு முழம் சேனல் துண்டு கேட்டு வாங்கி அதுல ஒட்டி வச்சுக்கங்க, முன்விளிம்பு பின்விளிம்பு எல்லாம் கோடு போட்ட மாதிரி நேரா வரும். ஒட்டறதுக்கு தட்டையான இடம் ஒண்ணு வேணும், கட்டில் மேல தரை மேல வச்சு ஒட்டினா இறக்கை முறுக்கிக்கும். வீட்டுல கடப்பாக்கல் மேடை இருந்தா அதவிட வேற டேபிள் வேண்டாம், அம்மாகிட்ட மத்தியானத்துல கேட்டு வாங்கிக்கங்க. துணி கிளிப், ரப்பர் பேண்ட், மாஸ்கிங் டேப், மூக்கு பிளையர், மல்டிமீட்டர், 60 வாட் சால்டரிங் அயர்ன், இவ்வளவுதான். லேசர் கட்டிங், 3டி பிரிண்டர் எல்லாம் ரெண்டாவது மூணாவது பிளேனுக்கு பாத்துக்கலாம்.

ஒண்ணே ஒண்ணு நீங்களே செஞ்சுக்க வேண்டிய டூல் ஹாட் வயர். ஷீட்டுல வெட்டின தட்டை இறக்கைய விட தெர்மாகோல் பிளாக்குல வெட்டின ஏர்ஃபாயில் (மேல்பக்கம் வளைஞ்ச குறுக்குவெட்டு) இறக்கை மெதுவா பறக்கும், அமைதியா பறக்கும். மூங்கில் பிளாச்சுல வில்லு மாதிரி ஒண்ணு பண்ணுங்க, எலக்ட்ரிக் கடைல ஹீட்டர் காயில்னு விப்பாங்க, அத இழுத்து நேராக்கினா நிக்ரோம் கம்பி, பாதி இறக்கை நீளமான 60 செ.மீய விட கொஞ்சம் கூடுதலா எடுத்து வில்லுல விறைப்பா கட்டுங்க, சூடானா கம்பி நீளும் அதனால வில்லுக்கு ஸ்பிரிங் மாதிரி இழுக்கற தன்மை இருக்கணும். சிசிடிவி கேமராவுக்கு போடற 12 வோல்ட் 5 ஆம்ப் அடாப்டர் போதும். வீட்டு கரண்ட்ல ரெகுலேட்டர் வச்சு குடுக்கறேன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, கம்பி திறந்து கிடக்கு, தொட்டா ஆள் காலி. கம்பி செவக்கக்கூடாது, செவந்தா சூடு ஜாஸ்தி, ஃபோம் குழிஞ்சு போகும். லேசா இழுத்தா வெண்ணெய் வெட்டற மாதிரி போகணும். ரெண்டு பக்கத்துக்கும் ஏர்ஃபாயில் அச்சு வேணும், ஆசாரி பட்டறைல மைக்கா துண்டு கிடக்கும், அதுல வெட்டி விளிம்ப வழவழன்னு தேச்சுடுங்க. கிளார்க் ஒய் எடுங்க, 1922லேந்து இருக்கற ஏர்ஃபாயில், அடிப்பக்கம் பெரும்பாலும் தட்டை, கல்லு மேல வச்சு ஒட்ட வசதி. ரெண்டு அச்சுலயும் 1லேந்து 10 வரைக்கும் கோடு போட்டு, ரெண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் புடிச்சு, மூணு, நாலுன்னு சத்தமா சொல்லிக்கிட்டே இழுங்க, அப்பதான் ரெண்டு முனையும் ஒண்ணா நகரும். புகை நல்லதில்ல, திண்ணைல இல்ல கொல்லைல வச்சு பண்ணுங்க. இந்த அளவு இறக்கைக்கு ஃபோம் மட்டும் 70 கிராம் சுமாருக்கு வரும், மூங்கில் டேப் எல்லாம் சேத்தா 150க்குள்ள முடிச்சுடலாம்.

பசைல நிறைய பேர் கோட்டை விடுவாங்க. ஃபெவிக்விக் மாதிரி சயனோ பசை தெர்மாகோல கரைச்சு குழி போட்டுடும், டெப்ரானையும்தான், ஃபோம் சேஃப்னு தனியா ஒண்ணு வருது அது வேற. மூங்கிலுக்கு பிளைவுட்டுக்கு சயனோ அருமை, மேல ஒரு சிட்டிகை ஆப்பசோடா தூவினா அந்த நொடியே கல்லாயிடும், முகத்த கிட்ட வைக்காதீங்க, கண்ணு எரியும். ரப்பர் பசை வகைல உள்ள சால்வென்டும் தெர்மாகோலுக்கு ஆகாது. வெள்ளை ஃபெவிகால் கரைக்காது, ஆனா அது தண்ணி ஆவியாகி காயற பசை, ரெண்டு பக்கமும் ஃபோமா இருந்தா தண்ணி போக வழி இல்ல, நடுவுல நாள் கணக்குல ஈரமாவே கிடக்கும், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழைல கேக்கவே வேண்டாம். ஃபோமோட மரம் ஒட்டறதுக்கு, மூக்குல மோட்டார் மாட்டற 3 எம்எம் பிளைவுட்டுக்கு எல்லாம் அரால்டைட்தான், ஒண்ணுக்கு ஒண்ணு கலந்து மெல்லிசா தடவுங்க, அதுவும் கனம். ஹாட் குளூ அவசரத்துக்கு சரி, சித்திரை வெயில்ல பைக்ல கட்டி எடுத்துட்டு போற வழியிலயே இளகிடும், மோட்டார் மவுண்ட்டுல அத நம்பவே நம்பாதீங்க.

முதல் பிளேனுக்கு எய்லரான் (இறக்கை பின்விளிம்புல அசையற மடக்கு) வேண்டாம்னு சொல்வேன். ரட்டர் (இட வலமா திருப்பறது), எலிவேட்டர் (மூக்க ஏத்தி இறக்கறது), திராட்டில் (மோட்டார் வேகம்) போதும், ரெண்டு சர்வோ மிச்சம், இறக்கையும் ஒரே துண்டா பலமா இருக்கும். ஆனா அப்ப இறக்கைக்கு டைஹெட்ரல், அதாவது நுனி ரெண்டும் மேல தூக்கின வி வடிவம், நல்லா குடுக்கணும், ஒரு பாதிய கல்லுல படுக்க வச்சுட்டு இன்னொரு பாதியோட நுனிய 12 செ.மீ தூக்கி நடுவுல ஒட்டினா பக்கத்துக்கு ஆறு டிகிரி கிட்ட வரும். இங்க ஒரு தப்பான விளக்கம் எல்லாரும் சொல்வாங்க, ஹை விங் பிளேன்ல வெயிட்டு கீழ தொங்கறதால தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை மாதிரி தானா நிமிர்ந்துக்கும்னு. அப்படி இல்ல. பொம்மைக்கு அடியில தரை இருக்கு, அந்த தரை தாங்கறதாலதான் நிமிருது, காத்துல பிளேனுக்கு தாங்கிக்க தரை ஏது? பிளேன் ஒரு பக்கம் சாஞ்சா அந்த பக்கமா வழுக்கும், வழுக்கறப்ப தாழ்ந்த இறக்கைக்கு காத்து கொஞ்சம் அதிக கோணத்துல அடிக்கும், அங்க லிஃப்ட் கூடி தூக்கி விடும். வேலை செய்யறது டைஹெட்ரல், தொங்கற வெயிட்டு இல்ல. அதனால ஹை விங்தானேன்னு பேட்டரிய அடில கட்டி தொங்க விட்டு பிரயோஜனம் இல்ல.

ஒட்டினதும் பின்னாடி நின்னு ஒரு கண்ண மூடி பாருங்க, இறக்கையும் வாலும் ஒண்ணுக்கொண்ணு இணையா தெரியணும். இறக்கை நுனிலேந்து வால் நடுவுக்கு ரெண்டு பக்கமும் நூல் புடிச்சு அளந்து பாருங்க, எம்எம் கணக்குல சமமா இருக்கணும். முறுக்கு இருந்தா ரிமோட்ல டிரிம் வச்சு சமாளிக்கலாம்னு நெனைக்காதீங்க, வேகம் மாறினா முறுக்கோட குணமும் மாறும்.

கன்ட்ரோல் ஹார்ன், அதாவது ரட்டர் எலிவேட்டர்ல கம்பி மாட்டற கொம்பு, பழைய ஏடிஎம் கார்டுல வெட்டிக்கலாம். சர்வோலேந்து அந்த கொம்புக்கு போற புஷ் ராடுக்கு சைக்கிள் போக்ஸ் கம்பி வேண்டாம், கனம், ஒரு எம்எம் ஸ்பிரிங் கம்பி போதும், நடுவுல வளையாம இருக்க ரெண்டு மூணு இடத்துல காலி ரீஃபில் துண்டு ஒட்டி அதுக்குள்ள விடுங்க. சர்வோவ ரிசீவர்ல மாட்டி சென்டர் பண்ணின பிறகுதான் சர்வோவோட சொந்த ஹார்ன் (அது மேல மாட்டற கை) மாட்டணும், மாட்டிட்டு பின்னாடி கையால திருப்பி சென்டர் பண்ணினா உள்ள பிளாஸ்டிக் பல்லு போச்சு.

எலக்ட்ரானிக்ஸ் எல்லாருக்கும் தெரிஞ்ச செட்தான். 2212 1000 கேவி மோட்டார், 30 ஆம்ப் ஈஎஸ்சி, 1045 ப்ரொப்பெல்லர், 3எஸ் பேட்டரி. சுமார் 800 கிராம் இழுவை வரும், 800 கிராம் பிளேனுக்கு தாராளம், பாதி திராட்டில்லயே பறக்கும். ஆறு சேனல் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் ஒண்ணு, மோட் 2 (திராட்டில் இடது குச்சில வர்றது) கேட்டு வாங்குங்க. மோட்டார் தலைகீழா சுத்தினா மூணு ஒயர்ல ஏதாவது ரெண்ட மாத்தி போடுங்க. பேட்டரிக்கு போடற எக்ஸ்டி60 கனெக்டர சின்ன 25 வாட் அயர்ன்ல சால்டர் பண்ணவே கூடாது, சூடு பத்தாம மேல மட்டும் உருண்டையா நிக்கும், ஆகாயத்துல கழண்டுக்கும். ஆணும் பெண்ணும் மாட்டின நிலைல சால்டர் பண்ணினா பிளாஸ்டிக் உருகினாலும் பின் நகராது. டேபிள் மேல டெஸ்ட் பண்றப்ப எல்லாம் ப்ரொப்பெல்லர கழட்டிடுங்க, இதுல விதிவிலக்கே கிடையாது. ரிமோட்ட ஆஃப் பண்ணினா மோட்டார் நிக்குதான்னு, அதாவது ஃபெயில்சேஃப், அதையும் ப்ரொப்பெல்லர் இல்லாம பாத்துருங்க. லிப்போ பேட்டரி 2200ன்னா சார்ஜ் 2.2 ஆம்ப், ஒரு செல் 4.2 வோல்ட் தாண்டக்கூடாது, பறக்கறப்ப 3.5க்கு கீழ விடாதீங்க, சும்மா வைக்கறதுன்னா 3.8. வெயில்ல பைக் பொட்டிக்குள்ள போட்டு பூட்டிட்டு டீ குடிக்க போகாதீங்க. உப்பினத தூக்கி போட்டுடுங்க, பாவம் பாக்காதீங்க.

சிஜி, அதாவது பிளேன் எடை சமனாகற இடம், முன்விளிம்புலேந்து 5லேந்து 6 செ.மீ, 20 செ.மீ கார்டுக்கு (இறக்கை அகலத்துக்கு) கால் பங்குக்கு கொஞ்சம் மேல. ரெண்டு விரல் நுனில அங்க தாங்கினா மட்டமா இல்ல மூக்கு ஒரு நூல் தாழ்ந்து நிக்கணும். மொதல்ல பேட்டரிய முன்ன பின்ன நகத்தி பாருங்க, அதுல வரலைன்னாதான் மூக்குல ஈயம். மோட்டார பின்னாடிலேந்து பாத்து வலப்பக்கமா ரெண்டு டிகிரி, கீழ்ப்பக்கமா ரெண்டு டிகிரி சாச்சு வைங்க, மவுண்ட் ஸ்குரூவுல வாஷர் போட்டா போதும், திராட்டில் குடுக்கறப்ப இடப்பக்கம் இழுக்கறதும் மூக்கு தூக்கறதும் அடங்கும்.

மேல ஒட்டறதுக்கு கலர் பேக்கிங் டேப். ஒரு பக்கம் முழுசா ஒட்டிட்டு அப்பறம் மறுபக்கம் போனா இறக்கை வில்லு மாதிரி வளையும், மேல ஒரு பட்டை கீழ ஒரு பட்டைன்னு மாத்தி மாத்தி ஒட்டுங்க. மேல்பக்கம் கருப்பு வேண்டாம், நம்ம வெயிலுக்கு தெர்மாகோல் இளகி கொப்புளம் போடும். மேல வெள்ளை மஞ்சள், அடியில கருநீலமோ செவப்போ, அப்பதான் தூரத்துல தலைகீழா நேரான்னு கண்ணுக்கு தெரியும்.

சக்கரமும் வேண்டாம். தாளடி அறுத்த வயல்ல களிமண்ணு வெடிப்பு விட்டிருக்கும், மாட்டின அன்னைக்கே சக்கரம் அதுல சிக்கி பிச்சுக்கும். வயித்துல இறக்குங்க, அடில சன்பேக் துண்டு ஒட்டிடுங்க, ப்ரொப்பெல்லர ஓ ரிங் போட்ட ப்ரொப் சேவர்ல மாட்டுங்க, தரைல பட்டா மடங்கிக்கும்.

பறக்க விட நல்ல காலம் மாசி பங்குனி, காலைல ஆறரை எட்டுக்குள்ள. ஆடில எங்கயும் கொண்டு போகாதீங்க, 27 கிமீல பறக்கற பிளேனுக்கு எதிர்காத்து 25 அடிச்சா நின்ன இடத்துலயே நிக்கும், திருப்பினா அடுத்த ஊருக்கு போயிடும். கடலோரம்னா மதியத்துக்கு மேல கடக்காத்து ஏறிடும். கரண்ட் கம்பி, தென்னந்தோப்பு ரெண்டும் இல்லாத பக்கமா பாருங்க. சட்டம்னு பாத்தா 2021 ட்ரோன் விதிப்படி பொழுதுபோக்குக்கு கண் பார்வைக்குள்ள ஓட்டற மாடலுக்கு டைப் சர்ட்டிபிகேட் வேண்டாம், ரெண்டு கிலோவுக்குள்ள வியாபார நோக்கம் இல்லாம ஓட்டினா பைலட் லைசென்சும் வேண்டாம், ஆனா அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை மேப்ல உங்க வயல் எந்த கலர்ல வருதுன்னு பாத்துக்கங்க, பச்சைன்னா 400 அடி வரைக்கும். தஞ்சாவூர்ல இருக்கற விமானப்படை தளத்துல 2020லேந்து சுகோய் ஸ்குவாட்ரன் இருக்கு, திருச்சில ஏர்போர்ட், அந்த பக்கம் நண்பன் வீட்டு மாடிலேந்து விடறேன்னு கிளம்பிடாதீங்க. முக்கியமா அறுத்த வயல்ல பெரும்பாலும் உளுந்து தெளிச்சிருப்பாங்க, தூரத்துலேந்து பாத்தா வெறும் தாள்கட்டை மாதிரிதான் தெரியும். பிளேன் அதுல விழுந்தா குறுக்க ஓடாம வரப்பு மேல சுத்தி போய், வயல்காரர் இருந்தா அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எறங்கி எடுங்க.